கஹவத்தைச் சுவர்களில் சாம்பல்

கஹவத்தை நகரின் ஹாட்வெயார் கடைகளில் அடுக்கியிருக்கும் ஐம்பது கிலோ சீமெந்துப் பைகளில் பலவற்றில் சாம்பல் கலந்திருக்கிறது. அது யாரும் திருட்டுத்தனமாகச் செய்த கலப்படம் இல்லை. கலப்புச் சீமெந்துக்கென்று இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனம் 1247 என்ற எண்ணில் தனித் தரமே வகுத்திருக்கிறது. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் மின்சாரத்துக்காக எரிந்த நிலக்கரியின் மிச்சம், சீமெந்தோடு சேர்ந்து பையில் அடைபட்டு, லொறியேறி, பெல்மடுளைச் சந்தி கடந்து கஹவத்தைக்கு வந்து சேருகிறது. தோட்டத்தில் ஒரு குசினி கட்டினாலும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பை எடுத்துக் கட்டினாலும் அந்தச் சாம்பலில் ஒரு பிடி சுவருக்குள் போகிறது.

இதைக் கேட்டதும் பலருக்கு மனம் சங்கடப்படுகிறது. “முந்தி வந்த சீமெந்து மாதிரி இல்ல முதலாளி, இது இறுக நாளாகுது” என்று மேசன் பாஸ் கடைக்காரரிடம் குறைப்படுவார். அவர் கண்ணில் பட்டது உண்மைதான்: இறுக நாளாகிறது. ஆனால் இறுக நாளாவதும் நாளாவட்டத்தில் உதிர்ந்து போவதும் வேறு வேறு சங்கதிகள். கழிவைச் சேர்த்துக் கட்டியது நிலைக்குமா என்ற கேள்வியை உலகம் இன்று நேற்றுக் கேட்கத் தொடங்கவில்லை. கஹவத்தை லயங்களில் வாழ்கிறவர்களின் பாட்டன் பூட்டன் பிறந்த ஊர்களுக்குப் பக்கத்திலேயே அதற்கான பதில் ஒன்று, நூற்று முப்பது வருடமாகத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

முதலில் கஹவத்தை. பெல்மடுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் பாதையில், தாழ்நிலத் தேயிலையும் றப்பரும் மாணிக்கக் குழிகளும் கலந்து கிடக்கும் பூமி. இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே சுவருக்கு எதிரி வெயிலோ கடற்காற்றோ இல்லை, ஈரம்தான். ஐப்பசியில் நனைந்த சுவர் தை மாதம் வரையிலும் காயாது. பாசி பிடிக்கும், பூச்சு ஊதும், தரையிலிருந்து ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறி நிற்கும்.

அந்த ஈரத்துக்குள்தான் லயங்கள் எழுந்தன. கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1869க்குப் பிறகு இலை நோய் கோப்பியை அழித்துத் தேயிலை வந்த காலத்திலும் கட்டும் முறை பெரிதாக மாறவில்லை. அகப்பட்ட கருங்கல், மண்வெட்டியில் வெட்டியெடுத்த கபுக்கல், இடையில் களிமண் சாந்து, மேலே சுண்ணாம்பு வெள்ளை, கூரைக்குத் தகரம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்று ஒரு காம்பரா. கபுக்கல் ஒரு விசித்திரமான பொருள். நிலத்துக்குள் இருக்கும்போது கோடாலி இறங்கும் அளவுக்கு மெத்தென்றிருக்கும், வெளியே எடுத்துக் காற்றுப் பட வைத்தால் கல்லாகிவிடும். சபரகமுவையில் பல பழைய லயங்கள் இன்னும் நிற்கின்றன என்றால் அந்தக் கல்லுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கல்லுக்கு நடுவிலிருந்த மண் சாந்து எப்போதோ கரைந்து போய்விட்டது. அந்த இடுக்குகளில் எலியும் பூரானும் குடியிருக்கின்றன.

போட்லண்ட் சீமெந்து அப்போது இல்லாமலில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தர் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி, 1885இல் முடிந்த கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் பிரமாண்டமான கொங்கிரீட் கட்டிகளால் ஆனது. களனிப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் பாதை 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் கஹவத்தையைத் தாண்டி ஓப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, கடல் கடந்து வந்த சீமெந்து மலையேறுவதற்கும் வழி பிறந்துவிட்டது. வழி பிறந்த பிறகும் அது லயத்துக்கு வரவில்லை. தோட்டக் கணக்கில் தேயிலை ஸ்டோரின் இயந்திரம் நிற்கும் மேடைக்கு உறுதி வேண்டும், துரை பங்களாவுக்கு வேண்டும், பாலத்துக்கு வேண்டும். கொழுந்து பறிப்பவர் படுக்கும் தரைக்குச் சாணமும் மண்ணும் போதும் என்று எழுதியிருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் மதராஸ் மாகாணத்துப் பொறியாளர்கள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் மதுரை, இராமநாதபுரம், சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து ஆயிரமாயிரம் பேரை இலங்கையின் கண்டிச் சீமைக்கு விரட்டியது. மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் வீணாகும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, வைகைக்குத் திருப்ப வேண்டும் என்ற பழைய யோசனைக்குப் பஞ்சத்துக்குப் பிறகு உயிர் வந்தது. 1887இல் தொடங்கிய வேலையைக் கர்னல் ஜோன் பென்னிகுயிக் 1895இல் முடித்தார். ஆளுநர் வென்லொக் பிரபு திறந்துவைத்தார். 176 அடி உயரம், 1,200 அடி நீளம். இந்த முல்லைப் பெரியாறு அணையின் வயிற்றுக்குள் நிரப்பியிருக்கும் காரையில் போட்லண்ட் சீமெந்து கிடையாது. சுட்ட சுண்ணாம்பும், மணலும், கல்லும், சுர்க்கியும்தான்.

சுர்க்கி என்றால் செங்கல் பொடி. சூளையில் உடைந்தது, கோணியது, அளவு தப்பியது, சுட்ட களிமண் உருண்டை என்று எதுவானாலும் இடித்துச் சலித்தால் சுர்க்கி. வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டால்தான் இறுகும், அதுவும் ஆமை வேகத்தில். தண்ணீருக்கடியில் அது இறுகவே இறுகாது. அதனோடு சுட்ட களிமண் தூளைச் சேர்த்தால் தண்ணீருக்குள்ளேயே கல்லாகத் தொடங்கும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைத்த தமிழ்நாட்டுக் கொத்தர்களுக்கு இதில் புதுமை எதுவும் இருந்திருக்காது. சீமெந்து ஆலைகள் பெருகாத இந்தியாவில் மைசூர் அருகே கிருஷ்ணராஜ சாகர் அணையும் சுர்க்கிச் சாந்தில்தான் எழுந்தது. சூளைக்காரர் வீசியெறிந்த கழிவு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தென்னிந்தியாவின் பெரிய அணைகளைக் கட்டிக் கொடுத்தது.

அது குறையில்லாத கட்டு என்று சொன்னால் பொய்யாகும். பெரியாறு அணையில் கசியும் நீரோடு சுண்ணாம்பும் கரைந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதனால் வெவ்வேறு காலங்களில் துளையிட்டுச் சீமெந்துக் கூழ் செலுத்தினார்கள். 1979க்குப் பிறகு நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, மேலே கொங்கிரீட் தொப்பி போட்டு, எஃகு வடங்களால் பாறையோடு இழுத்துக் கட்டி, முதுகுப் பக்கம் கொங்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான வழக்கின் நியாயங்களை இங்கே அளக்கத் தேவையில்லை. கட்டுமானக் கண்ணோடு பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. கழிவுப் பொடியில் கட்டிய கட்டு ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. தாண்டியதற்குக் காரணம் பொடி மட்டும் இல்லை, அதைப் பார்த்துப் பார்த்துப் பராமரித்த கைகளும்தான்.

அந்த அணையின் நீர் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வயல்களுக்குப் பாய்கிறது. கஹவத்தையின் பழைய குடும்பங்களைக் கேட்டால் பூர்வீகமென்று சொல்லும் மாவட்டங்களில் இவையும் உண்டு. ஊரில் எஞ்சியவர்களுக்கு அணை கட்டிய அதே ஏகாதிபத்தியம், ஊரை விட்டுப் போனவர்களுக்கு மண் சாந்தில் லயம் கட்டியது. அறிவு இருந்தது, பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. செலவழிக்க வேண்டிய ஆட்களாக இவர்களை யாரும் எண்ணவில்லை.

சாம்பலின் கதை பெரியாற்று அணையை விடப் பழையது. இத்தாலியின் பொஸ்சுவோலி ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்து ரோமர்கள் கடலுக்குள் துறைமுகச் சுவர்களைக் கட்டினார்கள். இரண்டாயிரம் வருட அலைக்குப் பிறகும் அவற்றில் சில கிடக்கின்றன. பொறியாளர்கள் இன்றும் இப்படிப்பட்ட பொருளுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துப் பொசொலான் என்கிறார்கள். 1862இல் ஜெர்மனியில் எமில் லாங்கன் இரும்பு உலைக் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்தால் அது சீமெந்துபோல இறுகும் என்று கண்டார். 1930களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் டேவிஸ் நிலக்கரி உலைகளின் புகைபோக்கியில் பிடித்த நுண் சாம்பலைச் சோதித்து 1937இல் முடிவுகளை வெளியிட்டார். 1953இல் முடிந்த அமெரிக்காவின் ஹங்ரி ஹோர்ஸ் அணையில் அது பெருமளவில் போனது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்து ரிஹந்த் அணை அந்த வழியில் முன்னே நின்றது. இன்று இந்தியத் தரம் ஐ.எஸ். 1489, சீமெந்தில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பலை அனுமதிக்கிறது. இரும்பு உலைக் கசடு என்றால் 70 சதவீதம் வரை போகலாம்.

இலங்கையில் முதல் சீமெந்து வடக்கில் பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லையும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணையும் சுட்டு, காங்கேசன்துறை ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் அப்போது கைத்தொழில் அமைச்சர். ஆலை தொடங்க இரண்டு வருடம் முன்னர், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. நாடு தன் சொந்தச் சீமெந்தில் கட்டத் தொடங்கிய வேளையில், கஹவத்தை லயங்களில் இருந்தவர்கள் நாடற்றவர்களாக இருந்தார்கள். நாளை கப்பலேற்றுவார்களோ என்று தெரியாதவன் இன்று எதற்காகச் சுவர் பூசுவான்? தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்தப் பயத்தை எழுத்திலேயே போட்டுக் கொடுத்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள்மீது பாய்ந்த வன்முறை, எரிந்த காம்பராக்களையும் காட்டுக்குள் ஓடி ஒளிந்த இரவுகளையும் விட்டுப் போனது. ஒரு சுவரின் ஆயுளைப் பற்றி எழுதும்போது இவற்றை விட்டுவிட்டு எழுத முடியாது.

காலியில் 1967இல் ஓர் அரைவை ஆலை, புத்தளத்தில் 1970இல் ஒரு முழு ஆலை என்று அரச சீமெந்துக் கூட்டுத்தாபனம் விரிந்தது. புத்தளத்துக்கு அருவக்காலுவில் சுண்ணக்கல் வெட்டி, ரயிலில் பாலாவி ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். 1982இல் திருகோணமலையை மையமாகக் கொண்ட டோக்கியோ சீமெந்து நிறுவனம் உருவானது. 1990இல் போர் காங்கேசன்துறை ஆலையை மூடிவைத்தது. 1990களில் புத்தளம் ஆலை தனியார் கைக்குப் போய், பின்னர் சுவிஸ் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, 2016இல் தாய்லாந்துக்காரரிடம் சேர்ந்தது. இத்தனை கை மாறியும் ‘சன்ஸ்தா’ என்ற பெயர் மட்டும் பையை விட்டுப் போகவில்லை. கூட்டுத்தாபனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல் அது. பெயர் அதேதான், உள்ளே இருக்கும் கலவைதான் மாறிவிட்டது.

மாற்றத்துக்கு இரண்டு காரணம். சுண்ணக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வரை சுட்டால்தான் சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கும். ஒரு தொன் கிளிங்கர் கிட்டத்தட்ட முக்கால் தொன்னுக்கும் மேல் கரியமில வாயுவை விடுகிறது. உலகத்தின் மொத்தக் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சீமெந்தின் பங்கு. சுட வேண்டாத பொருள் ஒன்றைக் கிளிங்கரின் இடத்தில் வைத்தால் செலவும் குறையும், புகையும் குறையும். இரண்டாவது காரணம் நுரைச்சோலை. 2011இல் முதல் அலகு இயங்கி, 2014இல் 900 மெகாவோட்டை எட்டிய லக்விஜய மின் நிலையம் கற்பிட்டிக் கரையில் சாம்பலைக் குவித்தது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக் கூரையிலும் தோட்டப் பயிரிலும் படிகிறது என்று அக்கம்பக்கத்து மக்கள் முறையிட்டார்கள். மூச்சுக்குள் போனால் கேடு செய்யும் நுண்தூள், கொங்கிரீட்டுக்குள் கட்டுண்டால் வேலை செய்யும் பொருளாகிறது. இதே மாவட்டத்தில், அருவக்காலுவின் வெட்டி முடித்த சுண்ணக்கல் குழிகள், 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, கொழும்புக் குப்பையை நிரப்பும் இடமாயின. சீமெந்துக்குத் தோண்டிய பள்ளத்துக்கே நகரத்துக் கழிவு திரும்பிப் போனது.

இனி மேசன் பாஸின் குறைக்கு வருவோம். சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது பக்கவிளைவாகச் சுண்ணாம்பு வெளியாகிறது. சாதாரணச் சீமெந்தில் இந்தச் சுண்ணாம்பு சும்மா கிடக்கும். தண்ணீர் ஊறினால் கரைந்து வெளியேறி, சுவரில் வெள்ளைத் தழும்பாக வழியும். அது போன இடத்தில் நுண்துளை மிஞ்சும். நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் சிலிக்கா அந்தச் சும்மா கிடக்கும் சுண்ணாம்பைப் பிடித்து, சீமெந்தின் பசையையே மேலும் உண்டாக்குகிறது. துளைகள் அடைபடுகின்றன. தண்ணீரும் உப்பும் உள்ளே நுழைவது குறைகிறது. பெரியாற்று அணையில் சுர்க்கி செய்த வேலையும் இதுதான். ஆனால் இந்த இரண்டாவது வேலை தொடங்கக் கிழமைகள் ஆகும், மாதக்கணக்கில் நடக்கும். அதனால்தான் மூன்றாம் நாள் தட்டிப் பார்க்கிறவருக்குக் கலப்புச் சீமெந்து மெத்தனமாகத் தெரிகிறது. தொண்ணூறாம் நாள் தட்டிப் பார்த்தால் பேச்சு வேறு.

பாதகமும் உண்டு. சாம்பல் அந்தச் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால், கொங்கிரீட்டுக்குள் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையின் இருப்பு குறைகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு சற்று வேகமாக உள்ளே நடக்கும். சுவர், தரை, அத்திவாரம் ஆகியவற்றுக்கு இது பெரிய பொருட்டில்லை. கம்பி போட்ட ‘லின்டல்’, இஸ்தோப்புத் தூண், மேல் தட்டு ஆகியவற்றில் கம்பிக்கு மேலே போதுமான கனத்துக்குக் கொங்கிரீட் இல்லையென்றால் விபரீதம். மழை நேரே படாமல், ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் இடம்தான் இந்தத் துருவுக்கு மிகவும் ஏற்றது. கஹவத்தையில் ஒவ்வொரு வீட்டின் முன்பக்கமும் அப்படித்தான் இருக்கிறது.

சாம்பலின் ஆயுளை நம்பித் தமிழ் மரபோடு தொடர்புள்ள ஓர் ஆதீனம் ஆயிரம் வருடத்துக்கென்றே ஒரு கட்டு கட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள், ஹவாயின் கவாய் தீவில் இறைவன் கோயில் என்ற கருங்கல் சிவாலயத்தை எழுப்ப நினைத்தார். சிற்பம் கணபதி ஸ்தபதியின் வரைவில், கல் வேலை பெங்களூர்ப் பக்கத்துச் சிற்பிகளின் கையில். அடித்தளத்துக்கு பெர்க்லிப் பேராசிரியர் குமார் மேத்தாவிடம் போனார்கள். அவர் கம்பியே வேண்டாம் என்றார். துருப்பிடிக்கும் பொருள் உள்ளே இருந்தால் ஆயிரம் வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1999இல் ஊற்றிய அந்தக் கொங்கிரீட்டில் ஒரு கனமீற்றருக்கு 106 கிலோ சீமெந்து, 142 கிலோ நிலக்கரிச் சாம்பல். இறுக்கும் பொருளில் பாதிக்கு மேல் கழிவுதான். வேகமாக இறுகினால் உள்ளே சூடேறி வெடிக்கும் என்பதால் மெதுவாக இறுகுவதையே மேத்தா விரும்பினார், பலத்தையும் இருபத்தெட்டாம் நாளில் கேட்காமல் தொண்ணூறாம் நாளில் கேட்டார். 2023 மார்ச்சில் அந்த அடித்தளத்தின் மேல் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. குறை என்று நம் மேசன்மார் சொல்லும் அதே மெத்தனத்தை மேத்தா பலமாக மாற்றிக்கொண்டார். வேறுபாடு பொறுமையிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

தண்ணீர் என்ற இடத்தில்தான் தோட்டத்துக் கட்டு தவறுகிறது. இந்தியக் கட்டட விதித் தொகுப்பு ஐ.எஸ். 456, சாதாரணச் சீமெந்துக்குக் குறைந்தது ஏழு நாளும் கலப்புச் சீமெந்துக்குக் குறைந்தது பத்து நாளும் ஈரம் காயாமல் வைத்திருக்கச் சொல்கிறது. தோட்டத்தில் நடப்பது என்ன? லயத்துக்கு மேலே மேட்டில் வீடு, கீழே பள்ளத்தில் பீலி. ஒரு வாளித் தண்ணீர் ஏற்ற ஐம்பது அறுபது படி. பெரட்டுக்குப் போய், மலையில் கொழுந்தெடுத்து, நிறுவையில் நின்று அந்தியில் வீடு வரும் பெண்தான் குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரைத் தூக்க வேண்டும். சுவருக்கும் தூக்கு என்றால் எத்தனை நாள் தூக்குவாள்? முதல் இரண்டு நாள் பிள்ளைகள் சிரட்டையால் அள்ளித் தெளிப்பார்கள். மூன்றாம் நாள் மறந்துபோகும். மழைதான் பெய்கிறதே என்று விட்டுவிடுவார்கள். மழை வெளிச்சுவரை நனைக்கும், கூரை போட்ட உட்சுவரை நனைக்காது. ஆறு மாதம் கழித்து அந்த உட்சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் மணல் கொட்டும். பூச்சில் சிலந்தி வலை போல நுண்விரிசல் ஓடியிருக்கும். பழி, பையிலிருந்த சாம்பலின் தலையில் விழும்.

2022இல் சீமெந்துப் பை 2,000 ரூபாயைத் தாண்டியபோது பழி இன்னும் கூடியது. ஒன்றுக்கு ஐந்து என்று கலக்க வேண்டிய பூச்சுச் சாந்து, ஒன்றுக்கு ஏழு எட்டு என்று மெலிந்தால் எந்தச் சீமெந்தும் கை கொடுக்காது. கலவை இளக வேண்டுமென்று தாச்சி தாச்சியாய்த் தண்ணீர் ஊற்றுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். குழைக்கும்போது தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர் துளையாக மாறும், இறுகிய பிறகு ஊற்றும் தண்ணீர் துளையை அடைக்கும். இந்த ஒன்றைத் தோட்டத்தில் ஒவ்வொரு கையாளுக்கும் சொல்லிக் கொடுத்தாலே பாதிச் சுவர்கள் பிழைத்துவிடும்.

சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலையும் ஸ்டோர் உலையின் விறகுச் சாம்பலையும் சாந்தில் கலப்பது ஆபத்து. விறகுச் சாம்பலில் எரியாத கரியும் சாம்பல்காரமும் மிகுதி. பாத்திரம் துலக்கவும் செடிக்குப் போடவும் நல்லது, சுவருக்கு ஆகாது. நெல் உமிச் சாம்பல் இதில் தனி. கட்டுப்பாடான சூட்டில், ஏறக்குறைய 700 பாகைக்குள் எரித்தால் முதல்தரமான பொசொலான் கிடைக்கும். கண்டபடி எரித்தால் சிலிக்கா பளிங்காக மாறி வேலைக்கு உதவாது. ஆலையில் சோதித்துத் தரம் பார்த்து அரைத்த சாம்பலும், வாசலில் அள்ளிய சாம்பலும் நிறத்தில் ஒன்றாக இருக்கலாம், குணத்தில் ஒன்றில்லை.

நிலக்கரியும் என்றென்றைக்கும் எரியப் போவதில்லை. அதை உத்தேசித்து, சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கேரன் ஸ்க்ரிவனரும், கியூபா ஆய்வாளர்களும், சென்னை, டில்லி, மும்பை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணக்கல் தூளையும் கிளிங்கரோடு கலக்கும் சீமெந்தை உருவாக்கினார்கள். இந்தியா அதற்கு 2023இல் தரமும் வகுத்தது. சுட்ட களிமண்ணைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்ப்பது என்றால், பென்னிகுயிக்கின் கொத்தர்கள் இடித்த சுர்க்கி ஆய்வுக்கூடம் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

சீமெந்தால் முடியாத காரியமும் கஹவத்தைப் பக்கம் உண்டு. 2017 மே மாதப் பெருமழையில் இரத்தினபுரி, களுத்துறை உள்ளிட்ட மாவட்டங்களில் மலை சரிந்தும் வெள்ளம் புகுந்தும் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரியும் நிலத்தில் எந்தச் சாந்தும் நிற்காது. வீட்டுக்கு இடம் தேர்வதில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சொல் கேட்ட பிறகுதான் சீமெந்தைப் பற்றிய பேச்சே.

அதே 2017 மே மாதம் 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தத் திட்டம் சபரகமுவையையும் சேர்த்துப் பல மாகாணத் தோட்டங்களுக்கானது. சொந்தக் காணி, தனி வீடு, கையில் உறுதிப் பத்திரம் என்ற பேச்சு இரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்திருக்கிறது. இந்த வீடுகள் லயங்களை விடக் குறைந்த காலம் நின்றால் அதைவிட அநியாயம் வேறில்லை. எனவே கட்டுகிறவர்களிடமும் கட்டச் சொல்கிறவர்களிடமும் கேட்க வேண்டியது மூன்று. கலப்புச் சீமெந்து என்றால் பத்து நாள் ஈரம் காயாமல் வைப்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அதற்கான தண்ணீரையும் ஆள் கூலியையும் மதிப்பீட்டிலேயே சேருங்கள், அந்தச் சுமையைக் கொழுந்தெடுத்து வந்த பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள். வேலை தொடங்கும் முன்னரே கட்டுமிடத்துக்குக் குழாய் இழுத்துக் கொடுங்கள். பையில் எந்தச் சீமெந்து இருக்கிறது, அதை எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்பதைத் தமிழில் தெளிவாக அச்சிடுங்கள்.